பழைய பேஸ் கிட்டாரை முழுசாக விற்பதா, கழற்றி விற்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மெல்லிசைக் கச்சேரிகளில் பேஸ் வாசிக்கிறேன். கச்சேரி இல்லாத நாட்களில் நண்பர்களின் கிட்டார்களைச் சரிசெய்து கொடுப்பேன். கொஞ்ச நாளாக என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒரே கேள்வி: "வீட்டில் சும்மா கிடக்கும் பேஸை அப்படியே கொடுத்துவிடலாமா, நெக், பிக்அப், கீ என்று தனித்தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்குமா?" நெக் என்பது விரல் வைத்து வாசிக்கும் நீளமான கழுத்து, பிக்அப் என்பது கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள், கீ என்பது சுருதி ஏற்றும் திருகு. ஒவ்வொருவருக்கும் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் நம் ஊரில் அதிகம் புழங்கும் நாலு கம்பி, ஃபெண்டர் கம்பெனி கொண்டுவந்த ஜாஸ் பேஸ் அல்லது பிரசிஷன் பேஸ் வகையை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வைத்து முடிவெடுப்பது?

நெக்கை வைத்து. நெக் நேராக இருந்து, ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) வேலை செய்து, எல்லா ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) ஸ்வரம் சுத்தமாக வந்தால் முழுசாகவே விற்றுவிடுங்கள். நெக் போய்விட்டது என்றால் மட்டும் கழற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். பிக்அப் செத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், கீ உடைந்தால் வேறு போடலாம், பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் உள்ள பாகம்) கரகரத்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். நெக் அப்படியில்லை. அதன் விலையும் அதைப் பொருத்துவதற்கான உழைப்பும் சேர்ந்தால் சாதாரண பேஸின் விலையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

நெக் நன்றாக இருக்கிறதா என்று நானே பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். பத்து நிமிஷம் போதும்.

முதலில் கம்பிகளைச் சரியான சுருதிக்கு ஏற்றுங்கள். தளர்ந்த கம்பியோடு நெக்கைப் பார்ப்பதில் பயனில்லை. தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், பாடியோடு நெக் சேரும் இடத்தில் மறு கையாலும் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பிதான் உங்கள் அளவுகோல். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லாவிட்டால் நெக் முழு நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது. இரண்டு மூன்று கார்டு நுழைந்தால் முன்பக்கம் வளைந்திருக்கிறது. இந்த இரண்டுமே ட்ரஸ் ராடால் சரியாகக்கூடிய கோளாறுகள்.

அடுத்து ட்ரஸ் ராட். சரியான அளவு சாவியைப் போட்டு கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். கைக்குக் கொஞ்சம் எதிர்ப்புத் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் ராட் உடைந்திருக்கலாம். இறுகிப்போய் இதற்குமேல் திரும்பாது என்று நின்றும் வளைவு அப்படியே இருந்தால் ராட் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. தயவுசெய்து அதற்குமேல் முறுக்காதீர்கள். நல்ல நெக்கை அந்த ஒரு திருப்பில் உடைத்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய மாடல் சிலவற்றில் ராட் நட்டு பாடிப் பக்கம், பிக்கார்டு என்ற பிளாஸ்டிக் தகட்டுக்குக் கீழே இருக்கும். அவற்றில் நெக்கைத் தளர்த்தித்தான் திருப்ப வேண்டும்.

கடைசியாக முறுக்கு. பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் நீளத்தைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதை எந்த ட்ரஸ் ராடும் சரிசெய்யாது.

ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறி நெக் நகர்வது நம் ஊரில் சகஜம். ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) திடீரென்று ஏறிவிட்டது என்று நவம்பரில் பயந்து, பேஸைக் கழற்றி விற்றுவிடாதீர்கள். செட்டப் (நெக் வளைவையும் கம்பி உயரத்தையும் சரிசெய்வது) செய்து, ஒரு வாரம் வைத்திருந்து, மறுபடி பாருங்கள்.

கழற்றி விற்றால் அதிகப் பணம் வரும் என்று எல்லாரும் சொல்கிறார்களே?

காகிதத்தில் வரும். கைக்கு வருகிறதா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, உங்கள் பேஸுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முழுசாக விற்றால் 20,000 ரூபாய் கிடைக்கும் ஒரு ஜாஸ் பேஸ் என்று வைத்துக்கொள்வோம். கழற்றினால் நெக் 8,000, பாடி 4,000, இரண்டு பிக்அப் 5,000, பிரிட்ஜ் 2,000, நாலு கீ 3,500, பிக்கார்டு, குமிழ், கன்ட்ரோல் பிளேட் எல்லாம் சேர்ந்து 1,500. கூட்டினால் 24,000. நாலாயிரம் லாபம் போலத் தெரிகிறது.

இப்போது நடப்பைப் பாருங்கள். பாடி விற்காது, அதற்கு 4,000 போகட்டும். மீதி 20,000. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஆள், ஒவ்வொரு ஆளும் பேரம் பேசுவார். 15 சதவீதம் குறைத்தால் 17,000. ஐந்து பார்சலுக்கு அட்டைப்பெட்டி, பபுள் ஷீட், டேப் என்று ஆளுக்கு 200 வீதம் 1,000. கையில் நிற்பது 16,000. அதுவும் ஒரே நாளில் வராது, மாதக்கணக்கில் துண்டு துண்டாக வரும்.

அதே பேஸில் நெக் போய்விட்டது என்றால் கணக்கு மாறுகிறது. முழுசாகக் கேட்டால் 7,000க்கு மேல் யாரும் ஏற மாட்டார்கள் என்று வையுங்கள். நெக்கையும் பாடியையும் விட்டுவிட்டு மற்றதை விற்றால் 12,000. பேரத்தில் 15 சதவீதம் போனால் 10,200. நாலு பார்சலுக்கு 800 கழித்தால் 9,400. இங்கே கழற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

இந்தக் கணக்கை நான் போடாமல் விட்ட காலம் ஒன்று உண்டு. நன்றாக வாசித்துக்கொண்டிருந்த ஒரு கொரிய பேஸைப் பணத் தேவையில் கழற்றினேன். பிக்அப்பும் கீகளும் ஒரே வாரத்தில் போய்விட்டன. உடனே கையில் பணம் வந்ததில் சந்தோஷமாக இருந்தது. நெக்குக்கு ஐந்து மாதம் ஆனது. பாடி மூன்று வருஷம் பரணில் கிடந்தது. அதைவிட, அந்த பேஸை முழுசாகக் கேட்டு ஒரு கல்லூரிப் பையன் வந்தபோது கொடுக்க என்னிடம் பேஸ் இல்லை, திருகாணிகள்தான் இருந்தன. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

எந்தப் பாகம் சீக்கிரம் போகும்? எது தேங்கும்?

பெயர் தெரிந்த பிக்அப் முதலில் போகும். சீமோர் டங்கன், டிமார்சியோ, பார்டோலினி, ஈஎம்ஜி என்றால் கேட்க ஆள் இருக்கிறது. அடுத்து நல்ல நெக். அப்புறம் கனமான பிரிட்ஜ். லியோ குவான் கம்பெனியின் பேட்ஆஸ் போன்ற பழைய பிரிட்ஜ்களைத் தேடுபவர்கள் தனியாகவே இருக்கிறார்கள்.

கீகளைத் தனியாக விற்பதானால் நாலாகவே விற்க வேண்டும். மூன்று கீயை யாரும் வாங்க மாட்டார்கள், ஆனால் அதே மாடல் வைத்திருந்து ஒரு கீ உடைந்தவர் ஒன்றை மட்டும் கேட்பார். அவருக்குக் கொடுத்தால் மற்ற மூன்றும் உங்கள் கையில் தங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பாடிதான் தேங்கும். விலை குறைந்த பேஸ்களின் பாடி பாஸ்வுட், பாப்லர், அகத்திஸ் போன்ற மரங்களில் இருக்கும். மரம் மோசம் என்று சொல்லவில்லை, அதற்கென்று தேடி வருபவர் குறைவு. அதிலும் யாராவது பேட்டரிக்கோ கூடுதல் பிக்அப்புக்கோ புதிதாகக் குடைந்திருந்தால் இன்னும் கஷ்டம்.

எது பொருந்தும் என்ற அளவுகளைச் சொல்லிவிட்டால் பாதிக் கேள்விகள் குறையும். ஃபெண்டர் பாணி பேஸ் நெக்கின் அடிப்பகுதி அகலம் சுமார் 63.5 மி.மீ. நட் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டை) பக்கம் ஜாஸ் பேஸில் 38 மி.மீ. அளவில் இருக்கும், பிரசிஷனில் அதைவிட அகலம். கம்பி நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. ஜாஸ் பேஸின் இரண்டு பிக்அப்புகளில் நெக் பக்கம் உள்ளது பிரிட்ஜ் பக்கம் உள்ளதைவிடச் சில மில்லிமீட்டர் சிறியது. விலை குறைந்த சில மாடல்களில் இரண்டும் ஒரே நீளம். இதைச் சொல்லாமல் விற்றால் வாங்கியவர் குழியில் நுழையவில்லை என்று திருப்பி அனுப்புவார். ஆகவே ஸ்கேல் வைத்து அளந்து, அளவு தெரியும்படி படம் எடுங்கள்.

பிக்அப், பிரிட்ஜ் எல்லாம் நல்ல கம்பெனியாக மாற்றியிருக்கிறேன். அந்தச் செலவு விலையில் ஏறுமா?

ஏறாது. ஆனால் என்னைக் கேட்டால் உங்கள் நிலைமைதான் எல்லாரையும்விட நல்ல நிலைமை.

பழைய பேஸ் வாங்க வருபவர் பெரும்பாலும் புதிதாகப் பழகுகிறவர். இளையராஜா பாட்டில் பேஸ் தனியாக ஒரு ராகம் பாடுவதைக் கேட்டுவிட்டு ஆசையோடு வருவார். அவருக்கு அந்த பேஸின் மாடல் பெயரும் சந்தை விலையும் தெரியும், உள்ளே நீங்கள் போட்ட பிக்அப்பின் மதிப்பு தெரியாது. தெரிந்தவரோ தனக்குப் பிடித்ததைத் தானே போட்டுக்கொள்வார். 12,000 ரூபாய் செலவு செய்து மாற்றியவர்கள், முழு பேஸில் 2,000 கூடக் கேட்டதற்கே பேச்சு முறிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மாற்றிய பாகங்களைக் கழற்றி, பேஸோடு வந்த பழைய பாகங்களை மறுபடி போடுங்கள். பேஸை முழுசாக, கம்பெனியிலிருந்து வந்த நிலையில் விற்றுவிடுங்கள். நல்ல பிக்அப்பையும் பிரிட்ஜையும் தனியாக விற்றுவிடுங்கள். இரண்டுக்கும் உரிய விலை கிடைக்கும். பத்தில் ஏழு பேருக்கு நான் சொல்லும் வழி இதுதான். இதற்காகவே, பாகம் மாற்றும்போது பழையதை ஒரு டப்பாவில் போட்டு எழுதி வையுங்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சுகிறேன். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

அப்பாவின் பழைய ஃபெண்டர் இருக்கிறது. பாகங்களுக்கே பெரிய விலை சொல்கிறார்களே?

கழற்றாதீர்கள். ஒரு திருகாணியைக்கூடத் திருப்புவதற்கு முன் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்.

பிரசிஷன் பேஸ் 1951இல் வந்தது, ஜாஸ் பேஸ் 1960இல். லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்புக் கம்பெனிக்கு விற்றார். அதற்கு முந்தைய கருவிகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு. அந்தக் கால பிக்அப், கீ, பிக்கார்டு தனித்தனியாகவும் விலைபோகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மதிப்பு வருவதே எல்லாப் பாகமும் ஒரே நாளில் ஒரே பட்டறையில் சேர்ந்தவை என்பதால். பிரித்துவிட்டால் பிறகு எந்தக் காசு கொடுத்தும் அதைத் திரும்பச் சேர்க்க முடியாது. ஈயம் வைத்த இணைப்புகள் தொடப்படாமல் இருப்பதற்குக்கூட விலை உண்டு. ஒயரை உருக்கி எடுத்த அந்த நிமிஷத்தில் அது குறைந்துவிடும்.

வயதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். உள்ளே இருக்கும் பாட் ஒன்றின் முதுகில் எண் குத்தியிருக்கும். 1377633 என்று இருந்தால் 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 76 என்பது 1976ஆம் வருஷம், 33 என்பது அந்த வருஷத்தின் 33வது வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் கம்பெனி. பாட் செய்த தேதிக்கு முன்னால் கிட்டார் செய்திருக்க முடியாது, அதே பாட் முதலிலிருந்து இருந்தால். இதைப் பார்க்க பிக்கார்டைத் தூக்க வேண்டியிருக்கும், அதை விவரம் தெரிந்தவர் கையால் செய்யுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. முன்பே யாரோ பெயிண்ட் மாற்றி, பிக்அப் மாற்றி, நெக்கும் பாடியும் வேறு வேறு வருஷமாக இருந்தால் அது ஏற்கனவே பிரிந்துபோன கருவி. மிச்சமிருக்கும் அசல் பாகங்கள் வேறொரு பழைய பேஸை முழுமையாக்க உதவும். அப்போது கழற்றுவதில் தவறில்லை.

நெக்-த்ரூ பேஸ் என்றால்?

கேள்விக்கே இடமில்லை. ரிக்கன்பேக்கர் 4001 போன்றவற்றில் நெக் மரம் பாடியின் நடுவே கடைசிவரை ஓடுகிறது, நெக்கைத் தனியாக எடுக்க முடியாது. நெக் நன்றாக இருந்தால் முழுசாக விற்கலாம். கெட்டுப்போயிருந்தால் பிக்அப், பிரிட்ஜ், கீ மட்டும்தான் காசு. ஒட்டிய நெக் உள்ள கிப்சன் வகைகளுக்கும் இதே பதில்தான்.

கெட்டுப்போன நெக்குக்குப் பதில் புது நெக் வாங்கிப் போட்டு விற்கலாமா?

அதே மாடலின் பழைய நெக் மலிவாகக் கிடைத்தால் சரி. புதிதாக வாங்கிப் போட்டால் ஓட்டை பொருந்துவது, ஃப்ரெட் தேய்ப்பது, நட் வெட்டுவது என்று செலவு நீளும். வைத்து வாசிக்க வேண்டும் என்றால் செய்யுங்கள், விற்பதற்காகச் செய்ய வேண்டாம்.

கழற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படிக் கழற்றுவது?

முதல் வேலை, ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்து வீடியோ எடுப்பது. பிக்அப் வேலை செய்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்புறம் கம்பிகளைத் தளர்த்துங்கள், சுருதி ஏறிய நிலையில் நெக் திருகாணியைத் தொடவே கூடாது. ட்ரில்லில் ஸ்க்ரூ பிட் போட்டுக் கழற்றாமல் கையால் கழற்றுங்கள். திருகாணித் தலை வழுக்கிவிட்டால் அந்த ஒரு திருகாணியால் அரைநாள் போகும். நெக் குழியின் ஓரத்தில் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் மெல்லிய பிளேடால் ஒரு கோடு இழுத்துவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் பெயர்ந்து வந்துவிடும்.

பிக்அப் ஒயரை வெட்டவே வெட்டாதீர்கள். பாட் மேல் வைத்த ஈயத்தை உருக்கி, ஒயரை முழு நீளத்தோடு எடுங்கள். வெட்டிய குட்டை ஒயரோடு வரும் பிக்அப்புக்கு விலை குறையும். எடுத்ததும் மல்டிமீட்டரில் அளந்து அந்த எண்ணைப் படம் எடுங்கள். ஜாஸ் பேஸ் பிக்அப் 7, 8 கிலோ ஓம் அளவிலும், பிரசிஷன் 10, 11 கிலோ ஓம் அளவிலும் காட்டுவது வழக்கம். எண்ணே வராவிட்டால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. ஈஎம்ஜி போன்ற, பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்அப்புகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

எல்லாவற்றையும் அக்கு அக்காகப் பிரிக்கவும் வேண்டாம். ஜாஸ் பேஸின் கன்ட்ரோல் பிளேட்டில் பாட்களும் ஜாக்கும் ஒயரோடு ஒரே துண்டாக இருக்கும். அதை அப்படியே விற்றால் வாங்குபவருக்கு ஈயம் வைக்கும் வேலை குறைவு, உங்களுக்கு விலை கூடுதல். நெக்கையும் கீகளோடு சேர்த்து விற்பதே நல்லது. திருகாணிகளை எந்த இடத்துக்கு எது என்று எழுதி, சின்னச் சின்னக் கவரில் போட்டு, அந்தந்தப் பாகத்தோடேயே அனுப்புங்கள்.

வெளியூருக்கு அனுப்பும் செலவை எப்படிக் கணக்கிடுவது?

பேஸ் 4 கிலோதானே என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். பல கூரியர்கள் எடையோடு பெட்டியின் அளவையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பார்கள். 125 × 45 × 18 செ.மீ. பெட்டி என்றால் 20 கிலோவுக்கு மேல் காசு கட்ட வேண்டும். நெக் மட்டும் 95 × 16 × 10 பெட்டியில் போனால் 3 கிலோதான்.

கழற்றி விற்பதற்கு இது ஒரு காரணம் போலத் தோன்றும். ஆனால் முழு பேஸையே நெக்கைக் கழற்றி, பாடிக்கு மேல் நெக்கை வைத்து, நடுவே நல்ல அடர்த்தியான ஃபோம் கொடுத்து 95 × 42 × 15 பெட்டியில் அடக்கிவிடலாம். கணக்கு 12 கிலோவுக்கு இறங்கிவிடும். வாங்குபவர் நாலு திருகாணி முடுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக்டிவ் பேஸ் என்றால் 9 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

வெளிநாட்டுக்கு நெக்கை அனுப்பலாமா? ரோஸ்வுட் தடை என்கிறார்களே?

பல நெக்குகளில் ஃப்ரெட் பதித்த மேல்பலகை ரோஸ்வுட்டால் ஆனது. ரோஸ்வுட் மரங்கள் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் 2017 ஜனவரியில் மொத்தமாக வந்தன. 2019 நவம்பரிலிருந்து செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்த விலக்குக் கிடையாது. அது 1992 முதலே மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்து ஃபெண்டர் நெக்குகளில் அந்த மரம் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட நெக்கை அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டி அனுப்பாதீர்கள். மற்ற நெக்குகளுக்கும் சேரும் நாட்டின் சுங்க விதியை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்குபவரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்?

எல்லாமே. ஃப்ரெட் தேய்மானம், ஒட்டிய விரிசல், மாற்றிய பாட் எல்லாவற்றையும் படத்தோடு சொல்லுங்கள். பாகமாக விற்கும்போது இது இன்னும் முக்கியம். பெரிய கம்பெனி முத்திரை உள்ள நெக்கை வாங்கி, பெயர் தெரியாத பாடியில் மாட்டி, அசல் என்று சொல்லி ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். 1976க்கு முந்தைய ஃபெண்டர்களில் வரிசை எண் நெக் பிளேட்டில்தான் இருக்கும், அதனால் அந்தத் தகட்டைத் தனியாகக் கேட்டு வருபவரிடம் எதற்கு என்று கேளுங்கள். நான் தருவதில்லை. கழற்றுவதற்கு முன் முழு பேஸையும் வரிசை எண் தெரியும்படி படம் எடுத்து வைத்திருங்கள். பிறகு யார் என்ன கேட்டாலும் காட்டலாம்.

விற்பதற்கு முன் புதுக் கம்பி போட வேண்டுமா?

வேண்டாம். துரு இருந்தால் மட்டும் போடுங்கள். அந்தக் காசில் ஒரு செட்டப் செய்து, ஆக்‌ஷனைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 2.5 மி.மீ. பக்கம் கொண்டுவந்து வையுங்கள். வந்தவர் எடுத்ததும் கைக்கு இலகுவாக இருந்தால் பேரம் பாதியிலேயே முடிந்துவிடும்.

எல்லாம் விற்றுவிட்டது, பாடி மட்டும் மிச்சம். என்ன செய்ய?

மூன்று வருஷம் பரணில் கிடந்தது என்று சொன்னேனே, அந்தப் பாடியைக் கடைசியில் ரிப்பேர் வேலை கற்றுக்கொண்டிருந்த ஒரு பையனுக்குச் சும்மா கொடுத்தேன். குழி குடைவது, பெயிண்ட் அடிப்பது, ஓட்டையில் மரக்குச்சி வைத்து அடைத்து மறுபடி துளைப்பது என்று எல்லாவற்றையும் அதில்தான் பழகினான். போன வருஷம் எங்கிருந்தோ ஒரு பழைய நெக் தேடிக் கொண்டுவந்து அதில் மாட்டினான். இப்போது அந்த பேஸ் ஒரு சர்ச் பாடகர் குழுவில் ஞாயிறுதோறும் வாசிக்கப்படுகிறது.

உங்களுக்கு அப்படி ஆள் கிடைக்காவிட்டால் பக்கத்தில் கிட்டார் வேலை செய்யும் யாரிடமாவது கேளுங்கள். பாடி கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.